யாரும் நடக்காத புல்

லாஸ் வேகாஸில் ஒருவர் அரை மணி நேரம் ஷவரைத் திறந்துவிட்டுக் குளித்தாலும் கொலராடோ ஆற்றின் கணக்கில் அது செலவாக ஏறாது. அதே ஆள் வாசலில் இருக்கும் புல்தரைக்குப் பத்து நிமிடம் தண்ணீர் பாய்ச்சினால் அது செலவுக் கணக்கில் ஏறிவிடும். குளித்த தண்ணீர் சாக்கடையில் இறங்கி, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், லாஸ் வேகாஸ் வாஷ் என்ற 12 மைல் நீள ஓடை வழியாக எடுத்த இடத்துக்கே, அதாவது மீட் ஏரிக்கே, திரும்பிவிடுகிறது. திரும்பிச் சேர்ந்த அளவுக்கு நகரம் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். புல்லுக்குப் பாய்ந்த தண்ணீரோ இலை வழியாகவும் மண் வழியாகவும் பாலைவனக் காற்றில் கலந்து போய்விடும். அந்த ஊரின் தண்ணீர் விதிகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதப்பட்டவை.

நெவாடா மாநிலத்தின் தென்கோடியில், மோகாவி பாலைவனத்தில் இருக்கிறது லாஸ் வேகாஸ். ஆண்டு மழை சராசரியாக 10 சென்டிமீட்டரை ஒட்டித்தான். 2020ஆம் ஆண்டில் தொடர்ந்து 240 நாட்கள் அளக்கத்தக்க மழை ஒரு துளிகூட விழவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் 20 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் வீட்டு முன்னால் ஒரு காலத்தில் பச்சைப்பசேலென்று புல் வளர்ந்திருந்தது என்பதை விளக்க, அந்த ஊர் தோன்றிய இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோன்றிய இடம் ஓர் ஊற்று. பாலைவனத்தின் நடுவே நிலத்தடி நீர் தன் அழுத்தத்தாலேயே மேலே பொங்கி வந்து, ஓடையாக ஓடி, சுற்றிலும் இயற்கையான புல்வெளியை வளர்த்தது. பையூட் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அதைச் சுற்றி வாழ்ந்தார்கள். 1855இல் மோர்மன் மதத்தினர் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். பிறகு வந்தது ரயில். லாஸ் ஏஞ்சல்ஸையும் சால்ட் லேக் சிட்டியையும் இணைக்கும் பாதையில் நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது, ஊற்று இருந்த நிலத்தை ரயில் கம்பெனி வாங்கியது. 1905 மே 15ஆம் தேதி கொளுத்தும் வெயிலில் மனைகள் ஏலம் விடப்பட்டன. நகரம் பிறந்தது அன்றுதான்.

தண்ணீர் விநியோகமும் ரயில் கம்பெனியின் துணை நிறுவனம் கையில்தான் இருந்தது. பூமிக்கடியில் தண்ணீருக்குக் குறைவே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? துளை போட்ட இடத்தில் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்டது. முதல் சில பத்தாண்டுகளில் போடப்பட்ட கிணறுகளில் பலவற்றுக்கு மூடிகூட கிடையாது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாகத் தண்ணீர் வழிந்து மணலில் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர்மட்டம் மெல்ல மெல்ல இறங்கியது. சில இடங்களில் தரையே அமிழத் தொடங்கியது. 1962இல், ஊரை உண்டாக்கிய அந்த ஊற்று தரைக்கு மேல் வருவதை நிறுத்திக்கொண்டது.

அதற்குள் நகரத்துக்கு வேறொரு தண்ணீர் கிடைத்திருந்தது. ஊருக்குச் சற்றுத் தொலைவில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஹூவர் அணையை 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார். அணைக்குப் பின்னால் தேங்கிய மீட் ஏரி அமெரிக்காவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். இரண்டாம் உலகப் போரின்போது மக்னீசியத் தொழிற்சாலை ஒன்றுக்காக ஏரியிலிருந்து குழாய் போடப்பட்டது. 1947இல் சட்டம் மூலம் உருவாகி, 1954இல் ரயில் கம்பெனியிடமிருந்து விநியோகத்தை ஏற்ற லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்குத் தண்ணீர் மாவட்டம், அடுத்த ஆண்டே அந்தக் குழாய் வழியாக ஏரித் தண்ணீரை வாங்க ஆரம்பித்தது. 1971இல் பெரிய சுத்திகரிப்பு நிலையமும் குழாய் வலையும் வந்தன. ஏரி எதிரே கடல்போல் கிடந்தது.

ஆனால் அந்தக் கடலில் நெவாடாவுக்கு உரிய பங்கு கையளவுதான். இதை நிர்ணயித்தது ஒரு பழைய பாகப்பிரிவினை. ஆறு பாயும் ஏழு மாநிலங்கள் 1922 நவம்பரில், பின்னாளில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில், சாண்டா ஃபே நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மேல் பாசனப் பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப் பாசனப் பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 327 டி.எம்.சி. கீழ்ப் பகுதியின் பங்கை 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி பிரித்தபோது கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம், அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு வெறும் 3 லட்சம் ஏக்கர்-அடி என்று ஆனது. அதாவது 13 டி.எம்.சி.

இன்று பார்த்தால் அநியாயமாகத் தோன்றும். அன்று யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லாஸ் வேகாஸில் இருந்தவர்கள் 2,304 பேர். தெற்கு நெவாடாவில் சொல்லிக்கொள்ளும்படியான விவசாயமும் இல்லை. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அன்றைய பிரதிநிதிகள் யோசித்திருப்பார்கள். போதாக்குறைக்கு, ஆற்றில் ஓடும் தண்ணீரையே அவர்கள் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த அளவீடுகள் வழக்கத்தைவிட மழை அதிகம் பெய்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிரித்துக்கொண்ட மொத்தப் பங்கு, ஆறு சராசரியாகத் தரக்கூடியதைவிடப் பெரிது. நூறாண்டுகளாக அந்த ஆற்றில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிழையில் வேர்கொண்டவை.

நெவாடாவுக்குக் கைகொடுத்தது ஒரு தீர்ப்பு. அரிசோனாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையிலான நீண்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் பிறப்பித்த ஆணை, ஒரு மாநிலம் எடுத்த தண்ணீரிலிருந்து ஆற்றுக்குத் திருப்பிவிட்டதைக் கழித்தபின் மிஞ்சுவதைத்தான் அதன் உபயோகமாகக் கணக்கிட்டது. மீட் ஏரிக்கு மேட்டில் உட்கார்ந்திருக்கும் லாஸ் வேகாஸுக்கு இது பெரிய வாய்ப்பு. சாக்கடைத் தண்ணீர் சரிவில் தானாகவே ஏரிக்கு ஓடும். இன்று வீட்டுக்குள் புழங்கும் தண்ணீரில் ஏறக்குறைய முழுவதும் பிடித்துச் சுத்திகரிக்கப்படுகிறது. எனவே அந்த நகரத்தில் சூதாட்ட விடுதிகளின் ஆயிரக்கணக்கான குளியலறைகள் தண்ணீர்ப் பிரச்சினையே அல்ல. பெல்லாஜியோ விடுதியின் முன்னால் ஆடும் புகழ்பெற்ற நீரூற்றுகூட ஆற்றுத் தண்ணீரில் இயங்குவதில்லை, அதற்கு முன் அங்கிருந்த டியூன்ஸ் விடுதியின் கோல்ஃப் மைதானத்துக்குப் பாய்ந்த அதே கிணற்று நீர்தான் அதற்கும். சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிப்பது அந்த நீரூற்றைப் பார்த்து. உண்மையில் கவலைப்பட வேண்டியிருந்தது, ஊரின் புறநகர்த் தெருக்களைப் பார்த்து.

ஏனெனில் நகரத்தின் தண்ணீரில் பாதிக்கு மேல் வீட்டுக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது, அதிலும் பெரும்பங்கு புல்லுக்கு. போருக்குப் பின் அமெரிக்கா முழுவதும் பரவிய புறநகர் வீடமைப்பில் முன்புறப் புல்தரை என்பது வீட்டின் மரியாதை. மழை அதிகமுள்ள கிழக்கு மாநிலங்களிலிருந்து குடியேறியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். லாஸ் வேகாஸில் அதிகம் வளர்க்கப்பட்ட டால் ஃபெஸ்க்யூ குளிர்காலத்தில் செழிக்கும் புல்வகை. 45 டிகிரி வெயிலில் அதைப் பச்சையாக வைத்திருக்க வேண்டுமென்றால் தண்ணீரைக் கொட்டியாக வேண்டும். வெயிலைத் தாங்குவது பெர்முடா புல். அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்தான். ஆனால் குளிர்காலத்தில் அது பழுப்பு நிறமாகிவிடும் என்பதால் பலருக்கு அது பிடிக்கவில்லை.

1990களில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரப் பகுதி இதுதான். லாஸ் வேகாஸ் அடங்கிய கிளார்க் கவுண்டியின் மக்கள்தொகை 1990இல் 7.4 லட்சம், 2000இல் 13.8 லட்சம். தண்ணீர் மாவட்டத்தின் தலைமைக்கு 1989இல் வந்த பாட் மல்ராய் கணக்கைப் பார்த்தபோது, கொடுப்பதாக வாக்களித்த தண்ணீர் கையில் உள்ளதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1991 பிப்ரவரியில், புதிய கட்டடங்களுக்குத் தண்ணீர் தருவோம் என்ற உறுதிக் கடிதம் கொடுப்பதையே அவர் நிறுத்திவைத்தார். ரியல் எஸ்டேட்டில் ஓடும் ஊருக்கு அது பேரிடி. அதுவரை ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டிருந்த ஏழு நகராட்சி, தண்ணீர், கழிவுநீர் அமைப்புகள் அதே ஆண்டில் ஒன்றுசேர்ந்து தெற்கு நெவாடா தண்ணீர் ஆணையத்தை அமைத்தன. முன்பு, மிச்சப்படுத்துபவனின் பங்கு அடுத்தவனுக்குப் போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொருவரும் முடிந்த அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பங்கைப் பொதுவில் வைத்த பிறகுதான் சிக்கனம் என்ற பேச்சே எடுபட்டது.

ஆணையம் செய்த உருப்படியான முதல் வேலை, அளந்து பார்த்தது. 1995 முதல் சில ஆண்டுகள், மத்திய அரசின் நீர்வள அமைப்பின் உதவியோடு, நூற்றுக்கணக்கான வீடுகளில் புல்லுக்குத் தனியாக மீட்டர் வைத்துக் கணக்கெடுத்தார்கள். ஒரு சதுர அடிப் புல் ஓராண்டில் 73 கேலன், அதாவது 276 லிட்டர் தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்தது. அதைத் தரைமேல் நிற்கும் உயரமாக மாற்றினால் ஏறத்தாழ 3 மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊரில், ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் ஆளுயரத்துக்கும் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புல்லை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடிகளும் சொட்டுநீர்க் குழாயும் வைத்த இடத்தில் செலவு 17 கேலன்தான். சதுர அடிக்கு 55 கேலனுக்கு மேல் மிச்சம். புல்லை மாற்றிய வீடுகளின் மொத்தத் தண்ணீர்ச் செலவு சுமார் 30 விழுக்காடு குறைந்தது.

இந்த எண்கள் கிடைக்காமல் பின்னால் வந்த எந்த விதியும் நின்றிருக்காது. தண்ணீர் விஷயத்தில் அரசாங்கங்கள் பொதுவாகச் செய்வது வேண்டுகோள் விடுப்பது: பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், வாளியில் குளியுங்கள் என்று. லாஸ் வேகாஸில் அந்த அறிவுரைகளால் ஆற்றுக்கு ஒரு பயனும் இல்லை என்பதை மீட்டர் காட்டிக்கொடுத்துவிட்டது. எந்த இடத்தில் பிடித்தால் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தபின் அந்த இடத்தில் பிடித்தார்கள். 1999இல் தொடங்கியது புல்லுக்குக் காசு கொடுக்கும் திட்டம். புல்தரையைப் பெயர்த்தெடுத்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஆணையம் பணம் தரும். சில்லறைக் காசில் தொடங்கிய தொகை பிறகு ஒரு டாலராகி, பின்னர் 3 டாலருக்கும் உயர்ந்தது.

காசு வாங்குவதற்கும் நிபந்தனைகள் உண்டு. எடுக்கும் புல் உயிரோடு இருக்க வேண்டும், காய்ந்து கிடக்கும் தரைக்குக் காசு கிடையாது. வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போகவும் முடியாது, நடும் செடிகளும் மரங்களும் வளர்ந்து முடிந்தால் அந்தப் பரப்பில் பாதியையாவது மூட வேண்டும். தண்ணீர் சொட்டுநீர்க் குழாயில்தான் வர வேண்டும். மறுபடி அங்கே புல் வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த உறுதி வீட்டை விற்றாலும் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும். இதுவரை 20 கோடி சதுர அடிக்கும் மேல் புல் இப்படிப் பெயர்க்கப்பட்டிருக்கிறது.

2002 வந்தது. ராக்கி மலைகளில் பனி பொய்த்தது. மீட் ஏரிக்கு மேலே உள்ள பவல் ஏரிக்கு அந்த ஆண்டு வந்த தண்ணீர் வழக்கத்தில் கால் பங்குதான். அதே ஆண்டில் தெற்கு நெவாடாவின் உபயோகம் 3 லட்சம் ஏக்கர்-அடி என்ற தன் பங்கைத் தாண்டியது. அதுவரை விரும்பியவர் சேரலாம் என்றிருந்த சிக்கனம் 2003இல் விதியாக மாறியது.

அந்த விதிகளைப் படிப்பவர்களுக்கு அவற்றின் நுணுக்கம் புரியும். புதிதாகக் கட்டும் வீடுகளின் முன்புறத்தில் புல் கூடாது. பின்புறத்தில் பாதி இடத்துக்கு மேல் கூடாது என்பது அன்றைய வரம்பு. புதிய அலுவலகங்கள், கடைகள் முன்னால் அறவே கூடாது. ஏற்கெனவே புல் வைத்திருப்பவர்களுக்கு நாள் கணக்கு: ஊரை ஆங்கில எழுத்துகள் இட்ட குழுக்களாகப் பிரித்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாரத்தில் ஒரு நாள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூன்று நாட்கள். கோடையில் ஞாயிறு தவிர எந்த நாளும் விடலாம், ஆனால் காலை 11 மணி முதல் மாலை 7 மணி வரை விடக் கூடாது. வீட்டில் கார் கழுவினால் குழாய் முனையில் விரலை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் திருகு இருக்க வேண்டும். நீச்சல்குளத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமா, தெருவில் விடக் கூடாது, சாக்கடையில்தான் விட வேண்டும். சாக்கடைக்குப் போனால்தான் ஏரிக்குத் திரும்பும்! வேறு ஊர்களில் இதற்கு நேரெதிரான விதிகள் உண்டு.

தெளிப்பான்களை எப்படி ஓட விடுவது என்பதற்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். லாஸ் வேகாஸ் மண்ணுக்கு அடியில் பல இடங்களில் சுக்கான் பாறை போன்ற கெட்டியான சுண்ணாம்புப் படலம் இருக்கிறது, மேல்மண்ணும் இறுகியது. 12 நிமிடம் சேர்ந்தாற்போல் தண்ணீர் அடித்தால் நான்கைந்து நிமிடத்திலேயே மண் போதும் என்றுவிடும், மீதி நடைபாதையில் வழிந்து தெருவுக்கு ஓடிவிடும். அதனால் 4 நிமிடம் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி 4 நிமிடம், மறுபடி ஒரு மணி நேரம், இன்னும் ஒரு 4 நிமிடம். மடை பார்த்துத் தண்ணீர் கட்டியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, பெட்டியில் டைமரைத் திருகிவிட்டுத் தூங்கப்போகும் நகரவாசிக்குத்தான் இதைச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

விதி என்றால் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். தண்ணீர் மாவட்டத்தின் ஆய்வாளர்கள் விடிவதற்கு முன்பே, தெளிப்பான்கள் ஓடும் நேரத்தில், வண்டியில் தெருத் தெருவாகச் சுற்றுகிறார்கள். நடைபாதை ஓரம் தண்ணீர் ஓடுவது விளக்கொளியில் மின்னினால் வண்டியை நிறுத்தி, ஓடும் தண்ணீரை அதன் ஊற்றுமுகம் வரை பின்தொடர்கிறார்கள். பெரும்பாலும் உடைந்த தெளிப்பான் தலையோ, தெருப்பக்கம் திரும்பிக்கொண்ட ஒன்றோ அங்கே இருக்கும். நேரம், தேதி, வீட்டு எண்ணைச் சொல்லியபடியே வீடியோ எடுக்கிறார்கள். முதலில் எச்சரிக்கை. சரிசெய்யாவிட்டால் 80 டாலர், அடுத்தடுத்த முறை இரட்டிப்பாகி 1,280 டாலர் வரை போகும். அது தண்ணீர்க் கட்டணத்தோடேயே சேர்ந்து வரும். அண்டை வீட்டார் புகார் கொடுப்பதும் சகஜம், அதனால் தெருவில் மனக்கசப்புகள் இல்லாமல் இல்லை.

கோல்ஃப் மைதானங்களுக்குத் தனிக் கணக்கு. பாசனம் பெறும் ஒவ்வோர் ஏக்கருக்கும் ஆண்டுக்கு 6.3 ஏக்கர்-அடி என்று உச்சவரம்பு வைத்தார்கள், மீறினால் கூடுதல் கட்டணம். பின்னர் அந்த வரம்பு 4 ஏக்கர்-அடியாகக் குறைக்கப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. பந்து விழாத ஓரங்களில் எல்லாம் மைதானக்காரர்கள் தாங்களாகவே புல்லை எடுத்துவிட்டார்கள்.

இதே காலத்தில் பக்கத்து மாநிலத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கலிஃபோர்னியாவின் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2015 ஏப்ரல் 1ஆம் தேதி, ஐந்தடிப் பனி இருக்க வேண்டிய சியரா மலைப் புல்வெளியில் வெறும் தரையில் நின்றபடி, நகரங்கள் 25 விழுக்காடு தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். காய்ந்த புல்லுக்காக அபராதம் போடும் குடியிருப்போர் சங்கங்களின் கையைக் கட்டச் சட்டம் வந்தது. புல்லை எடுப்பதற்கு ஒதுக்கிய பணம் சில மாதங்களிலேயே தீர்ந்தது. மக்களும் மனமுவந்து குறைத்தார்கள். ஆனால் அது அவசரநிலை ஆணை. 2017இல் நல்ல மழை பெய்ததும் பெரும்பாலான இடங்களில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த வறட்சி வந்தபோது மறுபடி முதலிலிருந்து. லாஸ் வேகாஸ் தன் வறட்சிக்கால விதிகளை வறட்சியோடு சேர்த்துக் கைவிடாமல் நிரந்தரமாக்கியது. பாலைவனத்துக்கு வறட்சி எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி அல்ல என்பதை அங்கே இருந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆனாலும் அந்த நகரத்தைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. புல்லுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆணையம், இன்னொரு கையில் ஒரு மாபெரும் குழாய்த் திட்டத்தையும் வைத்திருந்தது. கிழக்கு நெவாடாவின் ஸ்பிரிங், ஸ்நேக் முதலிய பள்ளத்தாக்குகளின் நிலத்தடி நீரை ஏறத்தாழ 300 மைல் குழாயில் லாஸ் வேகாஸுக்குக் கொண்டுவருவதற்கு தண்ணீர் மாவட்டம் 1989இலேயே மனுப் போட்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் மாடு வளர்ப்பவர்கள், கோஷூட் பழங்குடியினர், சிறு ஊர்க்காரர்கள். அவர்களுக்கு முன்னால் ஓர் உதாரணம் இருந்தது: லாஸ் ஏஞ்சல்ஸ் 1913இல் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கொண்டுபோனது, அங்கிருந்த ஏரி வறண்டு புழுதிக்களமானது. தங்களுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று அவர்கள் முப்பது ஆண்டுகள் நீதிமன்றங்களிலும் விசாரணை மன்றங்களிலும் போராடினார்கள். 2020இல் ஆணையம் திட்டத்தைக் கைவிட்டது. தோற்கடித்தது அந்த மக்களும் தீர்ப்புகளும்தான். ஆனால் கைவிடக்கூடிய நிலையில் நகரம் இருந்ததற்கு, பெயர்த்தெடுத்த புல்தான் காரணம். ஓர் ஊரின் அலங்காரப் புல்லுக்காக இன்னோர் ஊரின் ஊற்றுக்கண் வற்றாமல் தப்பியது. இந்த விதிகளின் வரலாற்றில் மிகப் பெரிய நன்மை இதுதான்.

ஏரியோ இறங்கிக்கொண்டேயிருந்தது. 2000ஆம் ஆண்டுக்கும் 2022 ஜூலைக்கும் இடையே மீட் ஏரியின் மட்டம் 170 அடிக்கு மேல் சரிந்தது. கரைப் பாறைகளில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டையாகப் படிந்து நின்றது. 2022 ஏப்ரலில், 1971 முதல் நகரத்துக்குத் தண்ணீர் தந்த உறிஞ்சுகுழாயின் வாயே தண்ணீருக்கு மேல் வந்துவிட்டது. நல்லவேளையாக, ஏரியின் அடிமட்டத்திலிருந்து எடுக்கும் மூன்றாவது சுரங்கக் குழாயை 81.7 கோடி டாலர் செலவில் 2015இலேயே முடித்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொலராடோ ஆற்றில் முதல்முறையாகத் தட்டுப்பாட்டை அறிவித்து, அடுத்த ஆண்டுக்கு நெவாடாவின் பங்கில் 21,000 ஏக்கர்-அடியை வெட்டியது.

அந்த அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பு, 2021 ஜூனில், ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்காவில் அதுவரை எந்த மாநிலமும் செய்யாத ஒன்றைச் செய்தது. யாருக்கும் பயன்படாத புல் என்று ஒரு வகையைச் சட்டத்தில் கொண்டுவந்து, அதற்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது என்றது. பிள்ளைகள் விளையாடும் மைதானம், பூங்கா, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றில் உள்ள புல் பயனுள்ளது. சாலை நடுத்திட்டு, வாகன நிறுத்தத்தின் ஓரம், அலுவலக வாசல், குடியிருப்பு வளாகத்தின் நுழைவுச் சரிவு ஆகியவற்றில் உள்ளது பயனற்றது. அந்தப் புல்லின் மேல் கால் வைப்பவர், அதை வெட்டுவதற்கு எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வரும் தொழிலாளி ஒருவர்தான். அப்படிப்பட்ட புல் 8 சதுர மைல் வரை இருக்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

தனி வீடுகளை இந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் அவற்றுக்கும் சுற்றிவளைத்து வந்தது. 2022 செப்டம்பர் முதல் கிளார்க் கவுண்டியில் புதிய நீச்சல்குளம் 600 சதுர அடிக்கு மேல் கூடாது. 2023 ஜனவரி முதல், பருவத்துக்கேற்ற ஒரு வரம்புக்கு மேல் செலவழிக்கும் ஒவ்வோர் ஆயிரம் கேலனுக்கும் 9 டாலர் கூடுதல் கட்டணம். பெரிய பங்களாக்காரர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டில் இன்னொரு சட்டம், கடும் தட்டுப்பாட்டில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு அரை ஏக்கர்-அடி என்று வரம்பு கட்டும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்தது. அரை ஏக்கர்-அடி என்றால் 6 லட்சம் லிட்டருக்கும் மேல். சாதாரணக் குடும்பத்தை அது தொடவே தொடாது.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2002இல் தன் பங்கை மீறிய தெற்கு நெவாடா, மக்கள்தொகை பல லட்சம் கூடிய பிறகும், 2023இல் 2 லட்சம் ஏக்கர்-அடிக்கும் குறைவாகவே ஆற்றிலிருந்து செலவழித்தது. ஆனால் மொத்த ஆற்றை வைத்துப் பார்த்தால் இது சிறு துளி. கொலராடோவின் தண்ணீரில் பெரும்பகுதி வயல்களுக்கும், குறிப்பாக மாட்டுத் தீவனப் பயிர்களுக்கும் போகிறது. ஒரு நகரம் தன் வாசலைச் சுத்தமாக வைத்துக்கொண்டதால் ஆறு பிழைத்துவிடாது. மிச்சப்பட்ட தண்ணீரைக் காட்டியே மேலும் வீடுகள் கட்டப்படுகின்றன என்ற விமர்சனத்துக்கும் ஆணையத்திடம் திருப்தியான பதில் இல்லை.

இன்னொரு குறை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, அது உயிரோடு விளையாடும் குறை. 2024 ஜூலை 7ஆம் தேதி லாஸ் வேகாஸில் 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது, அந்த ஊர் கண்டதிலேயே அதிகபட்ச வெப்பம். அந்த ஆண்டில் கிளார்க் கவுண்டியில் வெப்பத்தால் இறந்தவர்கள் 500 பேருக்கு மேல். இந்த நிலையில் புல்லை எடுத்த பல இடங்களில் மரங்களும் சேர்ந்து பட்டுப்போயின. அந்த மரங்கள் புல்லுக்குத் தெளித்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவை. வேர் ஆழம் போகாமல் மேல்மண்ணிலேயே பரவியிருந்தது. தெளிப்பானை மூடியதும் முப்பது நாற்பது ஆண்டு மரங்கள் இரண்டு கோடைகளில் காய்ந்தன. 2027 காலக்கெடுவுக்குள் புல்லை எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பல குடியிருப்பு வளாகங்கள் மரத்துக்குத் தனிக் குழாய் போடாமல் விட்டன. மரங்கள் இப்படிச் சாவதை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் சிலர் 2025இல் நீதிமன்றத்துக்கே போனார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சட்டம் தடுத்தது புல்லுக்கான தண்ணீரைத்தான், மரத்துக்கான தண்ணீரை அல்ல. புல்லைப் பெயர்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மரத்தைச் சுற்றி, அதன் கிளை விரியும் வட்டம் வரை சொட்டுநீர்க் குழாய் போட்டு, நீண்ட நேரம் மெதுவாக ஊறவிட்டு வேரைக் கீழே இறக்கிய பிறகு தெளிப்பானை மூடினால் மரம் பிழைக்கும். தோட்டவேலை தெரிந்த யாருக்கும் இது தெரியும். அதற்குச் செலவாகும் தண்ணீர், புல்லை எடுத்ததால் மிச்சமாவதில் சிறு பங்குதான். வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த, ஏற்கெனவே நிழல் குறைந்த கிழக்கு லாஸ் வேகாஸில் இது இன்னும் அவசரம், அங்கே பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்கு வேறு நிழல் இல்லை. காசு கொடுத்துப் புல்லை வாங்கிய ஆணையம், அந்தக் குழாய்க்கான செலவையும் ஏற்று, மரத்துக்குக் குழாய் போட்டதைப் பார்த்த பிறகே புல்லில் கைவைக்கவிட வேண்டும்.